சுட்ட இறால்: கொங்கு வீடுகளில் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் பொன்னானி, கொச்சி. கிழக்கே நாகப்பட்டினம். தெற்கே ராமேஸ்வரம், தூத்துக்குடி. எந்தக் கரையிலிருந்து கிளம்பினாலும் இறால் ஐஸ் பெட்டிக்குள் பயணம் செய்துதான் கோயமுத்தூர் உக்கடத்துக்கோ ஈரோட்டுக்கோ வந்து இறங்க வேண்டும். நாட்டுக்கோழியையும் வெள்ளாட்டுக்கறியையும் கண்ணை மூடிக்கொண்டு சமைக்கிற வீடுகளில்கூட இறாலைக் கையில் எடுத்ததும் ஆயிரம் சந்தேகம் வரும். டாக்டர் ‘மட்டனைக் குறைங்க’ என்று சொல்லிவிட்டால் சந்தேகம் இன்னும் கூடிவிடும். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்டதை, கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சுட்ட இறால் நெசமாலுமே உடம்புக்கு நல்லதுங்களா?

நல்லதுதானுங்க. வெந்த இறால் 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. கலோரி 100-ஐ ஒட்டித்தான் வரும், கொழுப்பு அரைக் கிராம்கூடத் தேறாது. மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பி12, செலினியம், துத்தநாகம், அயோடின் எல்லாம் உண்டு. ஆனால் ஒமேகா-3 வேண்டும் என்று இறால் சாப்பிடுவதில் அர்த்தமில்லை. இறாலில் அது கொஞ்சம்தான். இதயத்துக்காக மீன் சாப்பிடச் சொன்னார்கள் என்றால் மத்தி வாங்குங்கள், காசும் மிச்சம்.

சுடுவதால் இறாலுக்குப் புதிதாக ஒரு சத்தும் வந்து சேராது. கெடுதல் வந்து சேராமல் தடுக்கலாம், அவ்வளவுதான். மைதாவிலோ சோளமாவிலோ புரட்டிப் பொரித்தால் அந்த மாவு எண்ணெயைக் குடித்துக்கொண்டு தட்டுக்கு வரும். ஓட்டலில் ‘கிரில்’ என்று பேர் போட்டுத் தருவதிலும் பல இடங்களில் வெண்ணெய் மிதக்கிறது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 100 கலோரி, அதில் 7 கிராம் நிறைகொழுப்பு. 100 கிராம் இறாலில் மொத்தமாக இருக்கிற கலோரியை ஒரே கரண்டியில் மேலே ஊற்றிவிடுகிறார்கள். ஊத்துக்குளி வெண்ணெயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆசை விடவில்லை என்றால் அடுப்பை விட்டு இறக்கின பிறகு கால் டீஸ்பூன் தடவிக்கொள்ளுங்கள். சூட்டில் உருகி வாசம் நன்றாகவே எழும்பும்.

எனக்குக் கொலஸ்ட்ரால் இருக்குதுங்க. இறாலைத் தொடவே கூடாதுன்னு சொல்றாங்களே?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இறாலில் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. வெந்த இறால் 100 கிராமில் 190 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். பெரிய கோழிமுட்டை ஒன்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் நம்ம ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம்ம கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் நிறைகொழுப்பு கூடினால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது என்பதுதான் பலருக்கும் உள்ள சிக்கல். இறாலில் நிறைகொழுப்பு இல்லாத குறைதான்.

அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 1996-ல் வெளியானது. கொலஸ்ட்ரால் கோளாறு இல்லாதவர்களுக்குத் தினம் 300 கிராம் இறால் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்டது என்று சொல்கிற எல்டிஎல் ஏறக்குறைய 7 சதவீதம் ஏறியது. நல்லது என்று சொல்கிற எச்டிஎல் 12 சதவீதம் ஏறியது. ரத்தத்தில் ஓடுகிற இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 13 சதவீதம் இறங்கியது. தினம் 300 கிராம் இறால் நம்மில் யார் சாப்பிடப்போகிறோம்? விலை கேட்டாலே மூடிக்கொண்டு வந்துவிடுவோம். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்று அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியில் பல காலமாக இருந்த வரம்பையும் 2015-ல் எடுத்துவிட்டார்கள்.

அதற்காக எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் ஏறுகிற குடும்பத்தில் பிறந்தவர்கள், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள், இவர்களெல்லாம் டாக்டரிடம் ‘வாரம் ஒரு தடவை, நூறு கிராம், எண்ணெய் குறைத்துச் சுட்டது’ என்று அளவோடு சேர்த்துக் கேளுங்கள். வெறுமனே ‘இறால் சாப்பிடலாமா’ என்று கேட்டால், எண்ணெய் மிதக்கிற இறால் வறுவலை மனதில் வைத்துக்கொண்டு ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார். இன்னொன்று: தலைக்குள் இருக்கிற ஆரஞ்சு நிற விழுதை உறிஞ்சுகிற பழக்கம் உள்ளவர்கள் அதை எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகக் கசடெல்லாம் சேர்கிற இடம் அது.

எங்க வாங்கறதுங்க? நல்ல இறாலை எப்படிக் கண்டுபிடிக்கறது?

கோயமுத்தூர்க்காரர்களுக்கு உக்கடம் மீன் மார்க்கெட் இருக்கிறது. மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மீன்கடைதான். கடை எதுவானாலும் பார்க்க வேண்டியது ஒன்றே. தட்டில் அழகாக அடுக்கி வைத்ததை விட்டுவிட்டு, பெட்டியில் ஐஸுக்கு அடியில் கிடப்பதை எடுக்கச் சொல்லுங்கள். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். தூக்கிப் பிடித்தால் தலை தொங்கி, கழுத்து இடுக்கு திறந்துகொண்டால் அது நாலைந்து நாள் சரக்கு. ஓடு கண்ணாடி மாதிரிப் பளபளத்து, சதையோடு ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழும்பும். கொழகொழவென்று வழுக்கினால் வேண்டாம்.

கடைசி சோதனை மூக்குத்தான். கடல் வாசம் லேசாக வரலாம், தப்பில்லை. அம்மோனியா நெடி அடித்தால் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த நெடியை மஞ்சளும் எலுமிச்சையும் போட்டு மறைக்கலாம், போக்க முடியாது.

பருவமும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூலை 31 வரை. நமக்கு இரண்டு கரையிலிருந்தும் சரக்கு வருவதால் ஒன்று மூடினால் இன்னொன்று கைகொடுக்கும். ஆனாலும் அந்த மூன்றரை மாதமும் வரத்து இளைத்துத்தான் இருக்கும். அப்போது ‘கடல் இறாலுங்க, இன்னைக்கு வந்ததுங்க’ என்று மலைபோலக் குவித்து வைத்திருந்தால் பெரும்பாலும் பண்ணை இறாலாகத்தான் இருக்கும். பண்ணை இறால் என்பதால் கெட்டது என்று ஆகிவிடாது. கடல் இறால் விலை கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

தலைப்பக்கம் கறுத்துக் கெடக்குது. கெட்டுப்போச்சுங்களா?

கறுப்பு மட்டும் இருந்தால் கெட்டது என்று அர்த்தமில்லை. வெட்டி வைத்த கத்திரிக்காய் கறுப்பதும் இதுவும் ஒரே ரகம்: இறாலின் உடம்பிலேயே உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை, கிருமி செய்வதில்லை. ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். கறுப்போடு நெடியும் வழுக்கலும் சேர்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இந்தக் கறுப்பு வராமல் இருக்கச் சல்ஃபைட் கரைசலில் முக்கி எடுப்பது இறால் தொழிலில் வழக்கம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்ஃபைட் மூச்சிரைப்பைக் கிளப்பும். அவர்கள் பாக்கெட்டில் அந்தப் பேர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஃப்ரீசர்ல வெச்ச பாக்கெட் இறால் வாங்கலாமுங்களா? பழசுதானே அது?

இதில் என் கட்சி தனி. கடற்கரையில் இருக்கிறவர் ஃப்ரீசர் இறாலை ஏளனம் செய்யலாம், தாராபுரத்திலும் கோபியிலும் இருக்கிற நாம் செய்ய முடியாது. பிடித்த கையோடு கரையிலேயே உறையவைத்து, மைனஸ் 18 டிகிரியில் வந்து சேர்ந்த இறாலுக்கு வயது அங்கேயே நின்றுவிடுகிறது. ‘ஃப்ரெஷ்’ என்று தட்டில் கிடப்பதற்கு, ஐஸ் உருக உருக, வயது ஏறிக்கொண்டே இருக்கிறது. சந்தேகமான ஃப்ரெஷ்ஷா, ஒழுங்கான ஃப்ரீசரா என்றால் நான் ஃப்ரீசர் பக்கம்.

ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானத்தில் இறால் மட்டும் இருந்தால் உத்தமம். பாஸ்பேட் என்று இருந்தால், எடை நிற்பதற்காகத் தண்ணீரை உறிஞ்சவைத்த இறால். சட்டியில் போட்டதும் அந்தத் தண்ணீரெல்லாம் வெளியே வந்து, சுடுவதற்குப் பதில் வேகவைத்த மாதிரி ஆகிவிடும். சோடியமும் கூடுதல், அதனால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். மேலே கண்ணாடி மாதிரிப் போர்த்திய ஐஸுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்களா என்று நிகர எடையைப் பாருங்கள். பாக்கெட்டுக்குள் ஐஸ் தூளாக உதிர்ந்து கிடந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே வேகவைத்து இளஞ்சிவப்பாக விற்பதைச் சுடுவதற்கு வாங்காதீர்கள். இரண்டாம் முறை நெருப்பைக் கண்டால் ரப்பர்தான்.

உருக்குவதற்கு முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். அவசரம் என்றால் மூடிய கவரோடு பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கிப் போடலாம். வெந்நீரும் வேண்டாம், சமையல் மேடையில் மதியம் வரைக்கும் போட்டு வைப்பதும் வேண்டாம்.

பண்ணை இறாலுக்கு ஊசி போடறாங்கன்னு பேசிக்கறாங்களே?

இறாலுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட ஆள் கிடைக்குமா? அது இல்லை. பிரச்சினை தீவனத்திலும் குளத்துத் தண்ணீரிலும் கலக்கிற மருந்துதான். குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் போன்ற ஆன்டிபயாடிக்குகளை இறால் வளர்ப்பில் பயன்படுத்த நம் நாட்டில் தடை இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கில் அதைச் சோதிக்கிறார்கள். உள்ளூர்ச் சரக்கில் அந்த அளவுக்குக் கெடுபிடி இருக்கும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் பெயர் தெரியாத குவியலை விட, பேட்ச் எண்ணும் உரிம எண்ணும் போட்ட பாக்கெட் மேல் என்கிறேன்.

இன்று கடையில் அதிகம் கிடைப்பது வன்னாமி. பசிபிக் கடலோர அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த இனம் அது. இந்தியாவில் 2009-ல்தான் வளர்க்க அனுமதி கிடைத்தது. ஆந்திரத்தில் பெருமளவு வளர்க்கிறார்கள், தமிழ்நாட்டிலும் நாகப்பட்டினம் பக்கம் உண்டு. இறால் பண்ணைகளால் வயலும் நிலத்தடி நீரும் உப்பாவதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2005-ல் தனிச் சட்டமும் வந்தது. தட்டில் இருக்கிற இறாலுக்குப் பின்னால் இப்படி ஒரு கதையும் உண்டு. ருசியில் வன்னாமி கொஞ்சம் சப்பென்று இருக்கும், மசாலா அதை ஈடுகட்டிவிடும். கறுப்பு வரி போட்ட டைகர் இறால் சுடுவதற்கென்றே பிறந்தது. அதன் விலைக்கு நாட்டுக்கோழியே வாங்கிவிடலாம் என்பது வேறு விஷயம்.

காவிரியில புடிச்ச ஆத்து இறாலைச் சுடலாமுங்களா?

சுடலாம். சதை மென்மையாக இருப்பதால் நொடியில் குழைந்துவிடும், அதனால் ஓட்டோடு சுடுங்கள். தலையும் கொடுக்கும் பெரிதாக இருப்பதால் கழிவு அதிகம். எந்த ஆறு என்று கேட்டு வாங்குங்கள். சாயத்தண்ணீர் ஓடின ஆற்றில் பிடித்தது எனக்கு வேண்டாம்.

நாலு பேருக்கு எத்தனை வாங்கறது? எந்த சைஸ்?

கிலோவுக்கு 30 முதல் 40 எண்ணம் நிற்கிற இறால் சுடுவதற்கு ஏற்றது. கிலோவுக்கு 60-க்கு மேல் வருகிற பொடி இறால் மேலே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே காய்ந்துபோகும். அதைத் தொக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு இறால் ஒரு கிலோ வாங்கினால் தலையும் ஓடும் போக அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடத் தேறும். ஆளுக்கு 125 கிராம் சதை என்று வைத்தால் நாலு பேருக்கு அந்த ஒரு கிலோ சரியாகப் போகும். பிள்ளைகளுக்கு இறால் ருசி தெரிந்துவிட்டால் கணக்கு உதைக்கும்.

ஓட்டை உரிக்கோணுமுங்களா? அந்தக் கறுப்பு நரம்பு?

கரியில் சுடுவதென்றால் ஓடு இருக்கட்டும். நெருப்பு நேராகச் சதையைத் தொடாது, ஈரம் உள்ளேயே நிற்கும். கத்தரிக்கோலால் முதுகு ஓட்டை மட்டும் நீளமாக வெட்டிவிட்டு, நரம்பை எடுத்துவிட்டு, மசாலாவை அந்தப் பிளவில் அடைத்துவிடுங்கள். தோசைக்கல்லில் போடுவதென்றால் உரித்துவிடலாம், வாலை மட்டும் பிடித்துச் சாப்பிட விட்டுவையுங்கள்.

நரம்பு என்று நாம் சொல்வது இறாலின் குடல். வெந்துவிட்டால் அதனால் நோய் வராது, ஆனால் மண் நறநறக்கும், கசக்கும். பெரிய இறாலில் கட்டாயம் எடுங்கள். தலைக்குக் கீழே இரண்டாவது கணுவில் பல் குத்தும் குச்சியை நுழைத்து மெல்ல இழுத்தால் முழுசாக வந்துவிடும், முதுகைக் கிழிக்கவே வேண்டியதில்லை.

கழுவினதும் துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். சுட்ட இறால் சுவையாக வராமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த ஈரம்தான்.

நம்மூரு மசாலாவிலயே பண்ணலாமுங்களா? யூடியூப்ல எல்லாம் என்னென்னவோ சாஸ் ஊத்தறாங்க.

நம்மூர் மசாலா போதும். பாட்டில் சாஸில் உப்பும் சர்க்கரையும்தான் தூக்கலாக இருக்கும். சர்க்கரை நெருப்பில் முதலில் கருகும்.

உரித்த இறால் அரைக் கிலோவுக்கு: வரமிளகாய் ஆறு, மிளகு ஒரு டீஸ்பூன், கொத்தமல்லி விதை ஒரு மேசைக்கரண்டி. மூன்றையும் வடச்சட்டியில் எண்ணெய் விடாமல் வறுத்து, ஆறினதும் ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சியோடு அம்மியில் வைத்துத் தண்ணீர் விடாமல் அரைத்துக்கொள்ளுங்கள். அம்மி இல்லாத வீட்டில் சின்ன மிக்ஸி ஜார். ஈரோட்டு மஞ்சள் அரை டீஸ்பூன், செக்குக் கடலை எண்ணெய் இரண்டு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். நாலு பேருக்கு இந்த உப்பு தாராளம். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பும் ஊறுகாயும் ஏற்கெனவே அதில் பங்கு எடுத்துவிடும்.

மசாலா இறாலைப் பிடித்து நிற்க வேண்டும், வழியக் கூடாது. வழிந்தால் தண்ணீர் அதிகம். பத்து நிமிஷம் ஊறினால் போதும். எலுமிச்சையையும் தயிரையும் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைப்பது ஆட்டுக்கறிக்குச் சரிப்படலாம். இறாலைப் புளிப்பே பாதி வேகவைத்துவிடும், அப்புறம் நெருப்பில் போட்டால் இறுகிப்போகும். எலுமிச்சை சாப்பிடும்போது பிழிவதற்கு.

எங்கள் வீட்டில் இன்னொரு வகை உண்டு, பள்ளிபாளையம் சிக்கனின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறாலில் மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிச் சுட்டு எடுத்துவிட வேண்டும். தனியாக ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கிள்ளின வரமிளகாய், இரண்டாக நறுக்கின சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய் கொஞ்சம் போட்டு, வெங்காயம் கண்ணாடிப் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, சுட்ட இறாலை அதில் போட்டு ஒரு பிரட்டு. மசாலாத்தூளே வேண்டாம். வெங்காயத்தை இறாலோடு நெருப்பில் காட்டாததால் கருகல் கசப்பும் கிடையாது.

கரியா, தோசைக்கல்லா, ஏர் ஃப்ரையரா? எத்தனை நிமிஷம்?

மூன்றிலும் வரும். நேரம்தான் உயிர்.

கரி என்றால் நம் பக்கம் தேங்காய்த்தொட்டிக் கரிக்குப் பஞ்சமில்லை. காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் கொப்பரைத் தொழிலோடு சேர்ந்தே தொட்டிக்கரியும் நடக்கிறது. அடர்த்தியான கரி, நின்று எரியும். தணல்மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் இறாலை வைக்க வேண்டும். கம்பிவலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால் நாலு விநாடிக்கு மேல் தாங்கக் கூடாது, அதுதான் சூடு.

வைத்ததும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கிற சதையில், அடியிலிருந்து வெள்ளையும் இளஞ்சிவப்பும் மெல்ல மேலே ஏறும். பாதி உயரத்தைத் தாண்டினதும் திருப்பிப் போடுங்கள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மறுபக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம் போதும். முதுகைக் கீறின இடத்தில், சதை தடிமனான பக்கம், கண்ணாடித்தன்மை மறைந்து வெள்ளையாகிவிட்டால் எடுத்துவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 63 டிகிரி செல்சியஸ். அரைவட்டமாக வளைந்திருந்தால் பதம். வால் தலையைத் தொடுகிற மாதிரி முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் அளவு மீறிவிட்டது.

அந்தச் சிவப்பு புதிதாக வருவதில்லை. அஸ்டாக்சாந்தின் என்கிற நிறமி இறாலில் முன்பே இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு நீலச்சாம்பலாகக் காட்டுகிறது. சூடு பட்டதும் புரதத்தின் பிடி விட்டு நிறம் வெளியே தெரிகிறது.

தோசைக்கல்லில்: இரும்புக் கல் நன்றாகக் காயட்டும். தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓட வேண்டும். பாதி வெட்டின வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும், ஊற்ற வேண்டியதில்லை. ஒரு கல்லுக்கு எட்டுப் பத்து இறாலுக்கு மேல் போடாதீர்கள். நெருக்கினால் தண்ணீர் விட்டுக்கொண்டு, பிறகு அது இறால் அவியல். போட்டதைக் கிளறாமல் விட்டால்தான் அடியில் நிறம் பிடிக்கும்.

ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி, ஆறு ஏழு நிமிஷம், நடுவில் ஒரு குலுக்கு. வசதிதான், புகைவாசம் மட்டும் வராது.

கரியில சுட்டாப் புற்றுநோய் வரும்ங்கறாங்களே?

கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது எழுகிற புகையில் தீங்கான சேர்மங்கள் உண்டாகின்றன, அது கறிமேல் படிகிறது. அதிக நேரம் அதிகச் சூட்டில் கருகினாலும் வேறு வகைச் சேர்மங்கள் வரும். கொழுப்புள்ள ஆட்டுக்கறியை விட இறால் இந்த விஷயத்தில் மேல். சொட்டுவதற்குக் கொழுப்பும் இல்லை, நாலு நிமிஷத்தில் வேலையும் முடிகிறது. சுடச்சுட எண்ணெயும் வெண்ணெயும் பூசிக்கொண்டே இருந்தால் அந்த அனுகூலம் போய்விடும். கருகின ஓரத்தைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடுங்கள். கரியாகாத பச்சைத் தொட்டி, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதையும் எரிக்காதீர்கள்.

இதைவிட அவசரமான ஆபத்து ஒன்று இருக்கிறது. கரியடுப்பை மூடின அறையிலோ கண்ணாடி அடைத்த பால்கனியிலோ வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. மொட்டை மாடி, களம், வாசல் என்று வெட்டவெளிதான்.

குச்சியில குத்தித்தான் சுடோணுமுங்களா?

கட்டாயமில்லை. திருப்புவதற்கு வசதி. மூங்கில் குச்சியை அரைமணி தண்ணீரில் ஊறவையுங்கள். இரண்டு குச்சியை இணையாகக் குத்தினால் இறால் சுற்றாது. பச்சைத் தென்னை ஈர்க்கும் ஆகும். தோட்டத்தில் கண்ட குச்சியை ஒடிக்காதீர்கள். அரளி முழுக்க விஷம்.

இதுக்குத் தொட்டுக்க, கூட வெச்சுக்க என்னங்க?

இங்கேதான் நமக்குச் சௌகரியம். கம்மஞ்சோறு, ராகிக்களி, சோளச்சோறு, மூன்றும் நார்ச்சத்து உள்ளவை, இறாலில் அது சுத்தமாக இல்லை. கொள்ளுப் பருப்பு கடைந்து ஒரு கரண்டி, வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும் நறுக்கி எலுமிச்சை பிழிந்தது ஒரு கிண்ணம், ஆறேழு சுட்ட இறால். என் தட்டு இதுதான். சர்க்கரை உள்ளவர்கள் இறாலைப் பற்றிக் கவலைப்படுவதை விட, அதோடு உள்ளே போகிற வெள்ளைச்சோற்றையும் பரோட்டாவையும் பற்றிக் கவலைப்படலாம். சந்தகையும் (நம்மூர் இடியாப்பம்) தேங்காய்ப்பாலும் இறாலோடு சேர்ந்தால் சொர்க்கம்தான், ஆனால் அதை ‘டயட்’ கணக்கில் எழுதாதீர்கள்.

இறாலும் எலுமிச்சையும் சேந்தா விஷமாமே? தயிரும் ஆகாதாமே?

வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றுகிற செய்தி. இறாலில் உள்ள ஆர்செனிக்கை வைட்டமின் சி நச்சாக மாற்றிவிடும் என்பது கதை. இறாலில் இருப்பது பெரும்பாலும் ஆர்செனோபீட்டைன் என்கிற தீங்கற்ற வடிவம், சிறுநீரோடு போய்விடும். கடலோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாக எலுமிச்சை பிழிந்துதான் சாப்பிடுகிறார்கள். மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கும் ஆதாரமில்லை. வெண்புள்ளி, உடம்பின் எதிர்ப்பாற்றலே தோலின் நிறச் செல்களைத் தாக்குவதால் வருவது. கம்மஞ்சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இறால் சாப்பிட்டா எனக்கு உதடு அரிக்குது. கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்கலாமுங்களா?

வேண்டவே வேண்டாம். இது விளையாட்டில்லை. இறாலின் தசையில் இருக்கிற ட்ரோபோமயோசின் என்கிற புரதம்தான் பெரும்பாலும் காரணம். சுட்டாலும் வேகவைத்தாலும் அதன் குணம் போகாது. நண்டுக்கும் அதே ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம். கரப்பான் பூச்சி, தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ளவர்களின் உடம்பு, அந்தப் பூச்சிகளில் உள்ள புரதத்தின் சாயலை வைத்தே இதையும் அடையாளம் கண்டுகொள்வதும் உண்டு. முதல் தடவை அரிப்போடு நின்றதால் அடுத்த தடவையும் அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. முகம் வீங்குவது, தொண்டை அடைப்பது, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் மோர் கொடுத்து உட்கார வைக்காமல் உடனே 108-க்குக் கூப்பிடுங்கள்.

நம் பக்கத்தில் பலர் வளர்ந்த பிறகுதான் முதல் தடவையாக இறால் சாப்பிடுகிறார்கள். இந்த ஒவ்வாமை பெரியவர்களுக்குப் புதிதாக வருவதும் சாதாரணம். விருந்தாளிக்குப் பரிமாறும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரே கல்லில் இறாலும் கோழியும் சுட்டால் ஒவ்வாமை உள்ளவருக்குக் கோழியும் ஆகாது.

யூரிக் ஆசிட், கிட்னி, கர்ப்பம், குழந்தை?

யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குகிறவர்கள் வலி இருக்கும்போது தொடாதீர்கள், மற்ற நாளில் அளவு குறைவாக. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதமும் பாஸ்பரஸும் கணக்குப் பார்க்க வேண்டியவை, டாக்டர் சொல்லாமல் வேண்டாம். கர்ப்பிணிகள் சாப்பிடலாம். பாதரசம் குறைவாக உள்ள கடலுணவில் இறாலும் ஒன்று, நன்றாக வெந்திருக்க வேண்டும் அவ்வளவே. குழந்தைக்கு ஓடில்லாமல் பொடிப்பொடியாகப் பிய்த்து, முதல் தடவை துளியூண்டு கொடுத்துப் பாருங்கள்.

எங்க அத்தை கவுச்சியை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. புரட்டாசி வேற வருது.

புரட்டாசி முடியட்டுங்க, இறால் எங்கேயும் போகாது. அதற்கப்புறம் வாசலில் கரியடுப்பு, தனிக் கம்பிவலை, தனிக் கத்தி. சுடுகிற இறாலில் இது ஒரு வசதி, வீட்டுக்குள் வாடை சேராது. கையில் கவுச்சி போகப் புளித்தண்ணீர் அல்லது எலுமிச்சைத் தோல் தேயுங்கள். மீன்கடைக் கவரை அன்றைக்கே வெளியேற்றிவிட்டால் அத்தையும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மிச்சமானா அடுத்த நாள் வெச்சுக்கலாமுங்களா? தலையும் ஓடும் வீணாப் போகுதே?

சுட்ட இறாலை இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் தாராளமாகச் சாப்பிடலாம். திரும்பச் சூடு காட்டாதீர்கள். குளிர்ச்சியாகவே நறுக்கி, பச்சைப்பயறு முளைகட்டியதோடு வெங்காயம், மாங்காய் போட்டுக் கலந்துவிடுங்கள்.

தலையையும் ஓட்டையும் கழுவி, ஒரு சொட்டு எண்ணெயில் சிவக்க வதக்கி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ரசத்துக்கு அருமையான தண்ணீர். புளி குறைவாக, சீரகம் தூக்கலாக. கொலஸ்ட்ராலுக்குப் பயப்படுகிறவர்கள் தலையை விட்டு ஓட்டை மட்டும் போடுங்கள். வடிகட்டின சக்கையைத் தென்னை மரத்தடியில் ஆழமாகக் குழிபறித்துப் புதைத்துவிடலாம். மேலாகப் புதைத்தால் ராத்திரியே நாய் தோண்டி எடுத்து வாசலெல்லாம் இறைத்துவிடும்.